கருங்கம்பளி விழுந்த வியாழக்கிழமை

1935-ஆம் வருடம் ஐப்பசி பத்தாம் தேதி, சுருளிப்பட்டிக்குக் கீழே ஆற்றுமணலில் அச்சுவரை புதைந்துபோன நல்லகண்ணுவின் பாரவண்டியை, இரண்டு மாடுகளோடும் பதினான்கு நெல்மூட்டைகளோடும், அதுவரை எந்தத் தாளிலும் அச்சாகியிராத ஒரு கதையின் கதாநாயகர் ஒற்றைக் கையால் தூக்கி அக்கரையில் வைத்தார். நல்லகண்ணுவுக்கு இதில் ஒரே ஒரு குறைதான். அவர் போகவேண்டியது இக்கரைக்கு. "தூக்குனாக, சரி. எந்தக் கரைன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்று கம்பம் சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அந்த வாரம் வெங்காயம் விலை இறங்கியிருந்ததால் கேட்டவர்கள் அதிகம் வியக்கவில்லை. ஆள் எப்படி இருந்தார் என்று மட்டும் விசாரித்தார்கள். நெட்டை ஆள், கண்ணைச் சுற்றித் துணிக்கட்டு, தோளிலிருந்து முதுகில் தொங்கும் கருப்புக் கம்பளி, பாதம் தரையில் படவில்லை என்றார் நல்லகண்ணு. சேதி சுருளிப்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது பவுனுத்தாய் கம்பங்கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே சட்டிக்குள் நின்றுவிட்டது. வண்டியைத் தூக்கியதற்கு முந்தின நாள் மத்தியானம் அவள் எழுதி முடித்த அத்தியாயம் அது. இக்கரை என்று எழுதவேண்டிய இடத்தில் அவசரத்தில் அக்கரை என்று எழுதியிருந்தாள்.

அவளுக்கு அப்போது வயது பத்தொன்பது. பதினொரு வயதில் ஒரு சித்திரை மாதம், கம்பத்தில் அமானுல்லா போட்டிருந்த டெண்டுக் கொட்டகையில் மணல் தரையில் உட்கார்ந்து முதல் படம் பார்த்தாள். பேசாத படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் தகரக் குழாயை வாயில் வைத்துக் கதை சொல்லுவார். முகமூடி போட்ட ஒருவன் கோட்டைச் சுவரிலிருந்து குதிரைமேல் குதித்தபோது கொட்டகையே எழுந்து நின்றது. அந்தப் படத்தைப் பவுனுத்தாய் பத்தொன்பது தடவை பார்த்தாள். பள்ளிக்கூடம் போகாத அவள் எழுத்துக் கற்றுக்கொண்டது, தப்படித்துக்கொண்டே வண்டியிலிருந்து வீசிப்போகும் சினிமா நோட்டீசுகளில். அதனால் கடைசிவரை அவள் எழுத்தில் மூன்று வரிக்கு ஒரு ஆச்சரியக்குறி இருந்தது. தாயார் கருத்தம்மாள், மகளுக்குக் காத்துக்கருப்பு அண்டிவிட்டதோ என்று ஒரு தடவை வேப்பிலை அடித்துப் பார்த்தாள். அடித்து முடித்ததும் மகள் எழுந்து, "ஆத்தா, மத்தியான ஆட்டத்துக்கு நேரமாச்சு" என்றாள்.

பதினேழு வயதில் அவளைக் கட்டிக்கொண்ட ராக்கையா, மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குப் பொதிமாடு ஓட்டுகிறவர். மாதத்தில் இருபது நாள் மலையில் இருப்பார். அந்த இருபது நாளில்தான் அவள் எழுத ஆரம்பித்தாள். ஊரில் கிடைத்த நோட்டீசுகளின் பின்பக்கம், பென்சிலால். அவள் பார்த்த வீரர்கள் எல்லோரும் பட்டுச் சால்வை பறக்க ஓடினார்கள். பட்டு எப்படி மடியும், எப்படி நனையும் என்று அவளுக்குத் தெரியாது. புருசனுடைய கம்பளியைத் தெரியும். ஆகவே தன் வீரருக்கு அதையே போர்த்தி, கருங்கம்பளி என்று பேர் வைத்தாள். வண்டி சம்பவம் நடந்து ஒரு மாதம் கழித்து, மலையிலிருந்து இறங்கிய ராக்கையா கம்பம் பஸ் நிற்கும் இடத்தில் கருங்கம்பளியை நேருக்கு நேர் பார்த்தார். கம்பளியின் இடது முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஏ புள்ள, எங் கம்பளியையா அவருக்குக் குடுத்த?"

"எழுத்துலதான குடுத்தேன். ஒங்க கம்பளி ஒங்க தோள்ல இருக்குல்ல?"

"பீடி சுட்ட ஓட்டையையுமா எழுதணும்?"

"பாத்தத எழுதுனேன்."

ராக்கையா தன் கம்பளியின் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். "ஆளு நல்லாத்தான் இருக்காரு. மரியாதையாப் பேசுனாரு" என்றார். அதற்குப் பிறகு மலைக்குப் போகும்போதெல்லாம், திரும்பி வரும் நாளுக்குள் இத்தனை அத்தியாயம் எழுதியிருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். வரும்போது குமுளியிலிருந்து ஒரு கட்டு வெள்ளைத்தாள் வாங்கி வருவார்.

மறு வருடம் மதுரையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகைக்கு அவள் கதையை அனுப்பினாள். ஆசிரியர் தொடராகவே போட்டார். பவுன் என்று மட்டும் போட்டிருந்த பேரைப் பார்த்து, எழுதுகிறவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தாசில்தார் என்று வாசகர்கள் முடிவுகட்டிக்கொண்டார்கள். வியாழக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் கட்டு வந்திறங்கும். பதினொன்றே காலுக்குக் கம்பத்தில் ஒரு பிரதி கிடைக்காது. ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே கருங்கம்பளி வெறும் கதைதான். கணவாய்க்கு மேற்கே, தேனி முதல் குமுளி மலையடிவாரம் வரை, பவுனுத்தாய் எழுதியதெல்லாம் எழுதிய மறுநாள் நடந்தது. மலைப்பாதையில் பிரேக் போன பஸ்ஸை அவர் முதுகு கொடுத்து நிறுத்தினார். உத்தமபாளையத்தில் தீப்பிடித்த வைக்கோல்படப்பை ஒரே ஊதில் அணைத்தார். ஒரு அத்தியாயத்தில் அவருக்குப் பசி என்று அவள் எழுதிவிட, பழனிசெட்டிபட்டியில் ஒரு கிளப்புக்கடையில் நாற்பத்தொரு இட்லி தீர்ந்தது. வில்லன் வேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்தியதால் ஒரே ஒரு தடவை மூன்று கைக் கொள்ளைக்காரன் ஒருவனை எழுதினாள். அவனும் வந்துவிட்டான். அவனை வழிக்குக் கொண்டுவர அவளுக்கு மூன்று வாரம் ஆனது. பிறகு அவன் ஓடைப்பட்டியில் கூலிக்கு நின்றான்; மூன்று கை என்பதால் அறுவடைக்கு அவனைத்தான் எல்லோரும் முதலில் கூப்பிட்டார்கள். அதன்பின் அவள் கதையில் மழை, தீ, சிறுத்தை, பாறைச்சரிவு தவிர வேறு வில்லன் வரவில்லை.

இப்படி ஏழு வருடம் போனது. யுத்தம் வந்தது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. பத்திரிகை நாற்பது பக்கத்திலிருந்து பன்னிரண்டு பக்கத்துக்கு இளைத்தது. 1943-ஆம் வருடம் மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை வந்த இதழில், பவுனுத்தாய் அனுப்பிய அத்தியாயம் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில், இடம் போதாத ஆசிரியர் தன் கையாலேயே நாலு வரி எழுதியிருந்தார். கருங்கம்பளி மலையுச்சியிலிருந்து தவறி விழுந்து மாண்டான். முற்றும். கம்பத்தில் கட்டின் கயிற்றை அறுத்த அதே நேரத்தில், தெளிந்த வானத்திலிருந்து கருங்கம்பளி தலைகீழாக வந்து நல்லகண்ணுவின் கடலைக்காட்டில் விழுந்தார். மூன்று பாத்தி அழிந்தது. நல்லகண்ணு பாத்தியைப் பற்றிப் பேசவில்லை. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுருளிப்பட்டிக்கு ஓடினார்.

பவுனுத்தாய் வந்து பார்த்தபோது அவருக்கு மூச்சு இல்லை. பாதத்திலிருந்து மேல்நோக்கி நிறம் போய்க்கொண்டிருந்தது. கணுக்கால்வரை எழுதாத தாளைப்போல வெள்ளை. இந்த வேகத்தில் போனால் பொழுது சாய்வதற்குள் ஆள் முழுதும் வெறுந்தாள் ஆகிவிடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அழவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து அவர் கையைத் தொட்டாள். எட்டு வருடமாக எழுதிய கை அது. அதன் சூட்டை அவள் எழுதியதே இல்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. பென்சிலை எடுத்து, கடலைக்காட்டு வரப்பில் வைத்தே, கிடைத்த ஒரு துண்டுத் தாளில், கருங்கம்பளி எழுந்தார் என்று எழுதினாள். வெள்ளை முழங்காலுக்கு ஏறியது. மறுபடி எழுதினாள். தொடைக்கு ஏறியது.

"அச்சடிச்ச நாலாயிரம் தாளு செத்தாருங்குது. நான் ஒரு தாளுல எந்திரிச்சாருன்னா யாரு கேப்பா?" என்றாள்.

கம்பத்திலிருந்து ஓடி வந்திருந்த கூட்டத்தில் அமானுல்லாவும் இருந்தார். அவருக்கு அப்போது அறுபது வயது. வாரம் தவறாமல் முதல் பிரதி வாங்குகிறவர். "நாலாயிரம் தாளையும் ஒட்டவச்சா எம்புட்டு அகலம் வருமோ தெரியாதும்மா," என்றார். "எங்கிட்ட ஒரே தாளா பதினெட்டு முழத்துல ஒண்ணு இருக்கு."

கொட்டகைத் திரையைக் கழற்றி நல்லகண்ணுவின் வண்டியிலேயே கொண்டுவந்தார்கள். அறுத்த வயலில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துச் சட்டி சட்டியாகப் பெண்கள் கொடுத்தார்கள். ஈர்க்குமாற்றைப் பாதியாக நறுக்கி, சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு பவுனுத்தாய் திரைமேல் ஏறினாள். கம்பம், சுருளிப்பட்டி, கூடலூர் என்று நாலு பக்கத்து ஜனமும் சுற்றி நின்றது. அவள் உடனே எழுதவில்லை. சாகவே இல்லை என்று எழுதிவிடலாம். ஆனால் அவள் படம் பார்த்து வளர்ந்தவள். விழுந்த வீரன் எந்தக் காரணமும் இல்லாமல் அடுத்த காட்சியில் வந்து நின்றால் மணல்தரைக்காரர்கள் என்ன சொல்லுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே மண்ணை வாரித் திரையில் எறிந்திருக்கிறாள். ஆகவே முதல் வரியை இப்படி எழுதினாள்: கருங்கம்பளி விழுந்தார்! மாண்டார்! கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. வெள்ளை அவர் இடுப்பைத் தாண்டியது. இரண்டாவது வரி எழுதினாள்: ஆனால் அவருக்கு வேலை பாக்கி இருந்தது! பிறகு தலையைத் தூக்கி, "என்ன வேலைன்னு சொல்லுங்க" என்று கத்தினாள்.

முதலில் கருத்தம்மாள், "எங்க கெணத்துல ஏத்தச் சால் விழுந்து கெடக்கு, ஒரு வருசமா" என்றாள். பவுனுத்தாய் எழுதினாள். கூட்டம் அதை உரக்கப் படித்தது. வெள்ளை நின்றது. "மசூதித் தெருவுல ஆலங்கெள சுவத்துல சாஞ்சு கெடக்கு" என்றார் ஒருவர். "எம் மகன் பர்மாவுலருந்து நடந்து வாரான், இன்னும் வந்து சேரலை. கணவாய் தாண்டுனா எதுக்கப் போயி கூட்டியாரணும்" என்றாள் ஒருத்தி. "எங்கூரு வாய்க்கா மடை தொறக்க மாட்டேங்குது." "எம் பொண்ணு பெரசவத்துக்கு ஆனமலையன்பட்டியிலருந்து தூக்கியாரணும், வைகாசியில." சொல்லச் சொல்ல அவள் ஓடி ஓடி எழுதினாள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், தெரியாதவர்கள் கூடவே சொன்னார்கள். ஒவ்வொரு வரிக்கும் நிறம் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. இடுப்பு கருத்தது, தொடை கருத்தது. ஓடைப்பட்டியிலிருந்து வந்த மூன்று கைக்காரன், மூன்று கையையும் தூக்கி, "நான் திருந்திட்டேன்னு அவர் இன்னும் ஒரு தடவகூட சொல்லலை" என்று கத்தினான். அதையும் எழுதினாள். பதினெட்டு முழமும் நிறைந்து, கடைசி ஓரத்தில் ஒரு சாண் இடம் மிஞ்சியபோது பொழுது மேற்குமலையில் முட்டியது. அதில் ஒரே சொல்லை எழுதினாள்: எழுந்தார்!

எழுந்தார். சத்தம் எட்டு மைல் தள்ளி உத்தமபாளையத்தில் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். கருங்கம்பளி கழுத்தை ஒருமுறை சுளுக்கெடுத்துக்கொண்டு, திரையைக் குனிந்து முதலிலிருந்து படித்தார். படித்து முடித்து, பவுனுத்தாயைப் பார்த்து, "பாக்கி நெறையா இருக்கும்போல இருக்கேம்மா" என்றார். அவள் அப்போதுதான் அழுதாள். ராக்கையா முன்னால் வந்து அவர் முதுகைத் தட்டினார். "கம்பளிய ஒதறுங்க, மண்ணு" என்றார்.

அடுத்த வாரம் மதுரை ஆசிரியர் பஸ்ஸேறி வந்தார். கணவாய் தாண்டியதும், பஸ்ஸுக்குச் சமமாக ஜன்னலோரம் பறந்துவந்த ஒருவர் அவருக்கு வணக்கம் சொன்னார். ஆசிரியர் சுருளிப்பட்டியில் பவுனுத்தாய் கொடுத்த மோரை இரண்டு செம்பு குடித்து, மாண்டான் என்று எழுதியதற்கும், அதிலும் 'ஆன்' போட்டு எழுதியதற்கும் மன்னிப்புக் கேட்டு, பன்னிரண்டு பக்கத்தில் மூன்று பக்கத்தை அவளுக்கு ஒதுக்கினார். எழுதுகிறவர் பேர் இனிமேல் முழுதாக, சுருளிப்பட்டி பவுனுத்தாய் என்று வரவேண்டும் என்று அவள் சொன்னாள். அப்படியே வந்தது. தாசில்தார் என்று பந்தயம் கட்டியிருந்தவர்கள் கொஞ்ச நாள் வெளியில் தலைகாட்டவில்லை. கரி போகாததால் அமானுல்லா அந்தத் திரையிலேயே படம் ஓட்டினார். பாட்டுக் காட்சி நீண்டுபோனால் ஜனங்கள் கதாநாயகியின் முகத்துக்குப் பின்னால் தெரிந்த வரிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ரேசன் கார்டு போட வந்த குமாஸ்தா கருங்கம்பளியிடம் தொழில் என்ன என்று கேட்டு, பறத்தல் என்று எழுதி, சர்க்கரைக்கு ஒற்றை ஆள் என்று குறித்துக்கொண்டு போனார். பர்மா மகன் ஆனியில் வந்து சேர்ந்தான். சால் அதற்கு முன்பே கிணற்றிலிருந்து வந்துவிட்டது.

1946-ஆம் வருடம் தை மாதம் ஒரு முற்பகலில், பள்ளத்தாக்கின் மேல் முதன்முறையாக ஒரு ஆகாய விமானம் போனது. களையெடுத்துக்கொண்டிருந்த கருத்தம்மாள் நெற்றியில் கைவைத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருடி அது, இம்புட்டுச் சத்தம் போட்டுக்கிட்டு?"

"புதுசாப் பழகுறாகபோல" என்றாள் பக்கத்துப் பாத்திக்காரி. இருவரும் மறுபடி குனிந்தார்கள்.