பலகையில் வெந்த கட்லா

சீனிச்சாமி மகளோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. வேதக்காரப் பையன் சாலமன்ராஜை ரோஜா கல்யாணம் செய்துகொண்ட அன்றோடு நின்ற பேச்சு. வீடு ஒன்றும் தூரமில்லை. தாயில்பட்டியில் அடுத்த தெருதான். எதிரே மகள் வந்தால் மனுஷன் கரண்டுக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு போவார். பட்டாசுக் கம்பெனியில் நாற்பது பேரை மேய்க்கிற ஃபோர்மேனுக்கு, பெற்ற மகளிடம் மட்டும் வாய் திறக்காது. ரோஜாவும் விடுவதாயில்லை. பார்க்கும்போதெல்லாம், "யப்பா, சாப்பிட்டீகளா?" என்பாள். பதில் வராது. வீட்டுக்கு வந்து அழுவாள். மறுநாளும் கேட்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அழவில்லை. மீன் சுட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பியூலா மதினி செய்த வேலை. கனடாவில் நர்ஸாக இருக்கும் சாலமன்ராஜின் அக்கா, ரோஜா வீட்டில் புதிதாக வாங்கிய செல்போனுக்குக் கூப்பிட்டு, அங்கே மீனை மரப்பலகையில் வைத்துச் சுடுவார்கள் என்று ஆசை காட்டிவிட்டாள். "பலகையை விடியக்காலமே தண்ணியில ஊறப் போட்டுரு. அது எரியக் கூடாது, புகையணும். அந்தப் புகையிலதான் ருசியே இருக்கு."

சாலமன்ராஜ் மரக்கடையில் மாம்பலகை ஒன்று வாங்கி வந்தான். மீன், வெம்பக்கோட்டை அணையில் பிடித்த கட்லா. ரோஜா அதை இரண்டு பக்கமும் கீறி, மிளகாய் வத்தல் பொடி, பூண்டு, சீரகம், எலுமிச்சைச் சாறு எல்லாம் குழைத்துத் தடவி ஊற வைத்தாள். கொல்லையில் மூன்று கல்லுக்கு நடுவே கங்கு கனிந்ததும், ஊறிய பலகையை ஏற்றி, மீனைக் கிடத்தி, மேலே ஓர் அண்டாவைக் கவிழ்த்தாள். சாலமன்ராஜ் வாழையிலை வாங்கக் கிளம்பினான்.

பலகை சும்மா புகையவில்லை. அண்டாவின் விளிம்பெல்லாம் பிதுங்கி, வெள்ளை வெளேரென்று கூரைக்கு மேலே எழுந்தது. மதினிக்கென்ன, அவள் இருக்கிற ஊரில் புகை வந்தால் மீன் என்று நினைப்பார்கள். வீட்டுக்கு வீடு திருட்டுத்தனமாக வெடி சுற்றிப் பிழைக்கிற ஊரில் யார் அப்படி நினைப்பார்கள்?

வெந்துவிட்டதா என்று அண்டாவைத் தூக்கிப் பார்த்தாள் ரோஜா. குப்பென்று புகை முகத்தில் அடித்தது. கண் தெரியவில்லை, இருமல் அடங்கவில்லை. வேலிப்பக்கம் ஏதோ முறியும் சத்தம். யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். இழுத்த இழுப்பில் தெருவுக்கே வந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துப் பார்த்தால், அப்பா. காலில் செருப்பில்லை. வேட்டி வேலிமுள்ளில் கிழிந்து தொங்கியது.

"உள்ள வெடிமருந்து எம்புட்டு இருக்கு? சொல்லு தாயி, எம்புட்டு இருக்கு?"

"மருந்தா? மீனுப்பா!"

"என்னது?"

"கட்லா மீனு. பலகையில வச்சுச் சுடுதேன்."

குடமும் வாளியுமாக ஓடி வந்த தெரு, ஒரு நிமிஷம் முழித்துவிட்டுச் சிரித்தது. "ஃபோர்மேனே, வேலியைத் தாண்டுன தாண்டுக்கு உங்களுக்கு மெடலே குடுக்கலாம்" என்றாள் எதிர்வீட்டுச் சோலையம்மாள். சீனிச்சாமி சிரிக்கவில்லை. மகளின் கையை விடவும் இல்லை. ரோஜாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வாழையிலையோடு வந்த சாலமன்ராஜுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்த பிறகாவது சும்மா இருந்தானா? "மாமா, புகையைக் கண்டா திரும்பிப் பாக்காம வெளிய ஓடணும்னு கம்பெனியில நீங்கதானே சொல்லிக் குடுக்கீக? நீங்களே உள்ள ஓடி வந்திருக்கீக?"

"அந்தச் சட்டமெல்லாம் பெத்த பிள்ளை வெளிய நிக்கும்போதுதாம்லே" என்றார் சீனிச்சாமி.

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை. குடங்களைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

ரோஜா அப்பாவைக் கொல்லைக்குக் கூட்டிப் போய் மீனைப் பிட்டு இலையில் வைத்தாள். மேலே மசாலா மொறுமொறுவென்று ஒட்டியிருந்தது. உள்ளே சதை பூப்போல வெந்து, மாம்பலகையின் வாசம் ஏறியிருந்தது. ஒரு வாய் என்று உட்கார்ந்தவர், முள்ளைப் பிரித்துப் பிரித்து மூன்று துண்டு தின்றார். பழையபடி ஊமையாகிவிடுவாரோ என்று ரோஜா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவி எழுந்தவர் தொண்டையைச் செருமினார். "உங்கம்மைக்கு ரெண்டு துண்டு எடுத்து வையி."

"இந்தா, பொட்டணம் கட்டித் தாரேன்ப்பா. கொண்டு போறீகளா?"

"நான் எதுக்குக் கொண்டு போறேன்?" கிழிந்த வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டார். "நீயே கொண்டாந்து குடு. வரும்போது மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."