ஃபெலேட்டிக்குப் பதினெட்டு

"இனிமே இவனுக்காக யாரும்மா பேசப் போறீங்க?" என்று குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம் கேட்டாள். என் தம்பி ஃபெலேட்டிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அங்கே அவனுக்கு அதுதான் கடைசி நாள். "பெரியவங்க ஆஸ்பத்திரியில அவன்கிட்டதான் கேப்பாங்க. அம்மாகிட்ட இல்ல." பிறகு அவன் தோளைத் தட்டி, "என்னய்யா பெரிய மனுஷா, மீசைய எங்க விட்டுட்டு வந்த?" என்றாள்.

"ஆமா" என்றான் அவன்.

பிறந்ததிலிருந்தே புத்தி மெதுவானவன்; எதைக் கேட்டாலும் ஆமா என்பான். வலிக்குதா, ஆமா. வலிக்கலையா, அதற்கும் ஆமா. அங்கே இருந்தவர்களுக்கு அது பழகிவிட்டது. ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள்.

புதிய இடத்திலிருந்து தேதி வந்தபோது அப்பாவும் அம்மாவும் பெரியப்பாவின் சாவுக்காக எங்கள் சொந்த நாடான டோங்காவுக்குப் போயிருந்தார்கள். தள்ளிப்போட வழியில்லை. அவனுடைய வலிப்பு மாத்திரை தீரும் நிலையில் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பகலெல்லாம் அவனோடு இருப்பவள். ஆகவே நாங்கள் குடியிருக்கும் மாங்கெரேயிலிருந்து அவனை பஸ்ஸில் கூட்டிப் போனேன்.

டாக்டர் ஹார்டிங் நல்லவராகத்தான் தெரிந்தார். என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்தே பேசினார். "அடுத்ததா கொஞ்சம் அந்தரங்கமா கேக்கணும் ஃபெலேட்டி. பொண்ணுங்கள பாத்தா ஆசை வருதா? படுக்கை நனையுதா?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எங்கள் டோங்கா வீடுகளில் அக்காளும் தம்பியும் ஒரே அறையில் இருந்து உடம்பைப் பற்றிய பேச்சைக் கேட்கக் கூடாது. அப்பாதான் அதற்கெல்லாம் போவார். ஆனால் ஃபெலேட்டிக்கு இந்த வழக்கம் உண்டா என்று யாரும் சொன்னதில்லை. அவனைச் சின்னப் பையனாகவே வைத்திருந்தோம். ஆஸ்பத்திரிக்குப் பெரியவன் என்றால் எனக்கும் பெரியவன்தானா? நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். எதுவும் தெளியவில்லை.

கதவைத் திறந்த டாக்டர் சிரித்தார். "தனியா பேச விட்டீங்களே, அதுவே பெரிய விஷயம். நிறைய குடும்பங்கள் நகரவே மாட்டாங்க. உள்ள வாங்க. ராத்திரியில வலிப்பே வரதில்லையாம். மாத்திரைய பாதியா குறைச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். இல்லையா ஃபெலேட்டி?"

"ஆமா."

"டாக்டர், அவன் எல்லாத்துக்கும் அப்படித்தான்…"

"அவரு இப்போ பெரியவரு. அவரு சொல்றத நான் மதிக்கணும், இல்லையா?"

அதுவும் சரிதான். அவன் பேச்சை நான் எப்படிப் பொய்யென்பது? ஆனால் மாத்திரை குறைந்தால் இரவில் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

"வலிப்பு வருதான்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார். "ஆமா" என்றான் ஃபெலேட்டி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வரலைன்னாலும் ஆமா, வருதுன்னாலும் ஆமா. இதுல எதம்மா நான் எடுத்துக்கறது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவனை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாம். அனுப்பினால், அவனைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் பேசியதாகும். அனுப்பாவிட்டால் அவன் முன்னாலேயே உடம்புப் பேச்சைப் பேச வேண்டும். எது குறைந்த தப்பு? கேட்க ஆளில்லை.

தரையைப் பார்த்துச் சொன்னேன்: "போர்வைய நான்தான் தொவைக்கறேன் டாக்டர். வலிப்பு வந்த ராத்திரி அவன் படுக்கையிலயே மூத்திரம் போயிடுவான். நாக்குல பல்லுபட்ட ரத்தம் தலையணையில இருக்கும். நேத்தும் இருந்துச்சு."



"அப்போ மாத்திரை இருக்கறபடியே இருக்கட்டும்" என்றார் டாக்டர் மெதுவாக.

எனக்கு மூச்சு வந்தது. ஃபெலேட்டியைப் பார்க்கத் துணியவில்லை. அவன் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. என்மேல் படாமல், சுவரை ஒட்டி ஒதுங்கி நடந்தான். கோபமா, வெட்கமா, எனக்குக் கொடுக்கும் மரியாதையா? இல்லை, வெறுமனே சலித்துப்போனானா?

"ஃபெலேட்டி?" என்று டாக்டர் கூப்பிட்டார்.

அவன் திரும்பவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.