பூசைக்கு வந்த சங்கிலி மூடி

பத்து காஜா ஊருக்குப் போகும் சாலையில் இருக்கும் கையுறைத் தொழிற்சாலையின் பழைய சங்கிலி மூடி ஒன்று, ஞாயிறுதோறும் தானே நடந்து சூசையப்பர் கோவிலுக்குப் பூசை காண வந்தது. இயந்திரச் சங்கிலியில் கை சிக்காமல் மறைக்கும் ஆளுயர இரும்புத் தகடு. மூலைக்கு மூலை சாய்ந்து மெதுவாகத்தான் நடக்கும். லோரிக்காரர்கள் முதலில் ஹாரன் அடித்தார்கள், பிறகு ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். பாதருக்கும் அதில் வியப்பில்லை. மே முதல் தேதி, தொழிலாளர் திருநாளுக்கு, தொழிற்சாலை இயந்திரங்களுக்கெல்லாம் தீர்த்தம் தெளிப்பவர் அவர்தான். "மந்திரிச்ச பொருளு. ஞாயிறு பூசை காணுற கடன் அதுக்கும் இருக்குலா," என்றார்.

அது வருவதைக் கண்டு பயந்தவர் ஆம்புரோஸ் ஒருவர்தான். அவர் அந்தத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கோவிலில் மன்றாட்டு வாசிப்பவர். கையுறை சிக்கும்போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி மூடியைத் திறந்துகொண்டிருந்தால் வேலை ஓடாதென்று, அதைக் கழற்றிச் சுவரோரம் சாத்தியவர் அவரே. சிக்கிய கையுறையை எடுக்கப் போன தொழிலாளி நவமணியின் மூன்று விரல்களைச் சங்கிலி கொண்டுபோனது. மூடியை அவளே கழற்றினாள் என்று விசாரணையில் ஆம்புரோஸ் சொன்னார். அவளுக்கு வேலை போனது. பாதர் ஒன்றும் கேட்கவில்லை. கோவில் மின்விசிறிகள் எல்லாம் முதலாளி வாங்கித் தந்தவை.

அதிலிருந்துதான் மூடி பூசைக்கு வரத் தொடங்கியது; நேராக வந்து ஆம்புரோஸ் பக்கத்தில் நிற்கும். சனங்கள் முழந்தாளிட்டால் அதுவும் சாயும். திங்களன்று ஆம்புரோஸ் அதை வேனில் ஏற்றிப் போய்த் தொழிற்சாலை ஸ்டோரில் பூட்டுவார், ஞாயிறன்று வந்துவிடும். இரண்டு வருடம் இப்படியே போனது. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தொழிலாளர் திருநாளில் மன்றாட்டு வாசிக்க எழுந்தவர் தாளைக் கீழே வைத்தார். "மூடிய கழட்டுனது நான்தான். அந்தப் புள்ள இல்ல."

பாதர் நிமிர்ந்து விசிறிகளைப் பார்த்தார். "எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. கேக்காம இருந்துட்டேன்," என்றார்.

முன் பெஞ்சிலிருந்த நவமணி நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா, அண்ணே."

மறுவாரம் அதிகாரிகளிடமும் ஆம்புரோஸ் அதையே சொன்னார். அவருக்கு வேலை போனது. நவமணி மேலிருந்த பழி போனது. விரல்கள் வரவில்லை.

மூடி இப்போதும் வருகிறது. நவமணி நகர்ந்து தன் பக்கத்தில் அதற்கு இடம் விடுகிறாள். மழைக்காலத்தில் துருப்பிடிக்காமலிருக்க பாதர் எண்ணெய் பூசிவிடுகிறார். பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நவமணி தன் இரண்டு விரல் கையை முதலில் மூடியின்மேல் வைக்கிறாள், பிறகு அக்கம்பக்கத்தாருக்கு நீட்டுகிறாள். பின் பெஞ்சில் ஆம்புரோஸ் கையை நீட்டியபடி நிற்கிறார். அவர் முறை வருவதற்குள் பாட்டு தொடங்கிவிடுகிறது.