ஒரு சாண் உயரம்

எங்கள் ஹாலிஃபாக்ஸ் பக்கத்தில் கடிகாரம் என்றால் லம்ப் கடிகாரம்தான். உள்ளே ஓடுகிற இயந்திரத்தைச் செய்கிறவன் லம்ப்; கடிகார முகத்தில் அவன் பெயர்தான் எழுதியிருக்கும். ஆளுயரப் பெட்டியைச் செய்து, செதுக்கி, மெருகேற்றி நிறுத்துகிற ஹெப்வொர்த் என்கிற என்னை எந்த நாய் கேட்டது? இருபது வருஷமாக இந்த வயிற்றெரிச்சல்.

அதனால் பண்ணைக்காரர் ஈனாக் சக்டனின் கடிகாரப் பெட்டிக்கு உச்சியில் வீம்பாக ஒரு கொண்டை வைத்தேன். எதிரெதிரே வளையும் இரண்டு அன்னக் கழுத்துகள், நடுவே பித்தளை உருண்டை. ஒரு குளிர்காலமே அதற்குப் போயிற்று. பார்க்கிறவன் யார் வேலை என்று கேட்டே ஆக வேண்டும்.

பண்ணை வீட்டில் பெட்டியை நிமிர்த்தினால் கொண்டை உத்தரத்தில் இடித்தது. ஒரு சாண் அதிகம்.

"நீதானேய்யா அளவு சொன்னே?"

"அப்புறம் ஓதம் ஏறுதுன்னு தரையை மேடாக்கிக் கல்லு பாவிட்டேன்," என்றார் ஈனாக். "அதுக்கென்ன, இந்த வாத்துக் கழுத்தை அறுத்துட்டாப் போச்சு."

வாத்தாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எடுத்து வந்த ரம்பத்தைப் பிடுங்கி, பெட்டியைச் சாய்த்து, அடியில் ஒரு சாண் அறுத்தேன். செதுக்கிய கால்களும் போயின. கொண்டை பிழைத்தது. மறுநாள் லம்ப் வந்து இயந்திரத்தை மாட்டினான், குனிந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் என் பட்டறைக்கு வந்தான்.

"ஈனாக் வீட்டுக் கடிகாரம் ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள நின்னுடுதுய்யா. ஈனாக் கோயிலுக்குப் போய்ட்டு வந்துதான் சாவி குடுப்பாரு. மூணு வாரமா அவர் குடும்பமே பாதி ஜெபத்துல வந்து நுழையுது. ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது. எட்டு நாள் ஓடற இயந்திரம்யா. ரெண்டு தடவை பிரிச்சுப் பார்த்துட்டேன்."

எனக்கு விளங்கிவிட்டது. கடிகாரத்தை இழுத்து ஓட்டுகிற ஈயக் குண்டுகள் பெட்டிக்குள் எட்டு நாளும் இறங்க ஆழம் வேண்டும். அதைத்தான் அறுத்திருக்கிறேன். ஏழாம் நாளே குண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறது.

நான் வாயை மூடிக்கொண்டால் பழி அவன் பெயருக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் இனித்தது. ஆனால் அவன் மூன்றாம் தடவையாகப் பிரித்துப் பார்க்கக் கிளம்பினான்.

"அடியை அறுத்தது நான்தான்."

"எதுக்குய்யா?"

"கொண்டையைக் காப்பாத்த."

லம்ப் என்னையே பார்த்தான்.

"எந்தக் கொண்டை?"

அவன் போய் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். இப்போது கோயிலுக்கு யார் தாமதமாக வந்தாலும் ஒரே கேள்விதான்: "என்னய்யா, உன் வீட்லயும் ஹெப்வொர்த் கடிகாரமா?"