மேடேறாத கார்

அந்த வட்டாரத்தில் மெக்கானிக்கான அவனுக்குக் 'காது' என்று பட்டப்பெயர். பானெட்டைத் திறக்காமலேயே, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரத்தைப் பற்றி அவன் பேச மாட்டான்.

அவனுடைய அக்கா ஒரு நர்ஸ். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். மேட்டின் உச்சியில் இருக்கிற ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. நடமாட முடியாத நோயாளிகளின் வீடுகளுக்கே போய்ப் பார்க்க வேண்டும், காரைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அவளுடைய பழைய டீசல் காரோ அந்த மேட்டில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அமுக்கியே அவளை அழவைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காது அவள் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தான். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் கார் ஊர்ந்தது. பின்னால் கரும்புகை.

"நீ போன தடவை வேலை பார்த்தியே, அதுல இருந்துதான்டா இப்படி" என்றாள் அக்கா.

"நான் தொட்டா கெட்டுப்போகுமா? உன் டிரைவிங் லட்சணம் அப்படி! ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டுக் கடைக்கும் வீட்டுக்கும் போனா டீசல் வண்டி என்னத்துக்கு ஆகும்? நல்லா சூடேறி ஓடணும். இல்லேன்னா புகைக்கரி உள்ளேயே அப்பிக்கும். கார்பன்க்கா, கார்பன்!"

"இல்லடா, அந்த வேலைக்கு அப்புறம்தான்..."

"அக்கா, எனக்கே பாடம் எடுக்காதே."

பின் சீட்டில் அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். அத்தானுக்கு வாயெல்லாம் பல். "நான் சொன்னா கேட்டாளா? இப்ப மெக்கானிக்கே சொல்லிட்டான்!"

அக்கா காரை ஓரங்கட்டினாள். சாவியை உருவித் தம்பியின் கையில் வைத்தாள். "சரியாகலேன்னா வித்துடு" என்றாள். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை.

வெள்ளிக்கிழமை காலையில்தான் அவனுக்கு அந்தக் காரில் கைவைக்க நேரம் கிடைத்தது. கோளாறு காட்டுகிற கம்ப்யூட்டரைக் காரில் மாட்டினான். இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்றது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போவைப் பார்த்தான், நன்றாகச் சுற்றியது. ஏர் ஃபில்டர் சுத்தம். குழாய்களில் எங்கும் கசிவு இல்லை. புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி அனுப்புகிற வால்வைக் கழற்றினான். அடேயப்பா! விரல் கனத்துக்குக் கரி. "பார்த்தியா, நான்தான் சொன்னேனே" என்று ஆளில்லாத பட்டறையில் உரக்கச் சொல்லிக்கொண்டான்.

சுரண்டி, ஸ்பிரே அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மதியம் வரை அதிலேயே கிடந்தான். மாட்டி ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்தால் அதே மந்தம், அதே கரும்புகை.

முகம் விழுந்துவிட்டது. மறுபடியும் ஒவ்வொரு குழாயாகக் கழற்றினான். இன்ஜினுக்குப் போகிற தடித்த ரப்பர் குழாயின் வளைவில் விரலுக்கு ஏதோ மெத்தென்று பட்டது. இழுத்தான். தார் மாதிரி கறுத்துப்போன ஒரு துணி வந்தது. ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் பூ தெரிந்தது.

குழாயைக் கழற்றினால், நட்டு கிட்டு உள்ளே விழாமலிருக்க வாயில் துணியை அடைப்பது எல்லா மெக்கானிக்கும் செய்வது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் இந்தக் குழாயைத் திரும்ப மாட்டிய நேரத்தில், காது யாரோ ஒருவரின் லாரிச் சத்தத்தைப் போனிலேயே கேட்டுக் கோளாறு சொல்லிக்கொண்டிருந்தான். துணி உள்ளே தங்கிவிட்டது. காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்திருக்கிறது. அந்தக் கரியில் முக்கால்வாசி அவன் கைங்கரியம்தான்.

ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். துணியைக் குப்பைத்தொட்டியில் போட்டான். 'கார்பன் இருந்தது, எடுத்துட்டேன்' என்று சொன்னால் முடிந்தது கதை. அதில் பொய் என்றும் ஒன்றும் இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினான். கழுவிய உள்ளங்கையைப் பார்த்ததும், அவள் அதில் சாவியை வைத்தது ஞாபகம் வந்தது. 'சனியனே' என்று தன்னையே திட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டான்.

அக்கா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் பேப்பரில் மூழ்கியிருந்தார். காது அந்தக் கரித்துணியை நீட்டினான்.

"இது நம்ம ஹால் திரைச்சீலை இல்ல? கை துடைக்க வெச்சுக்கோன்னு நான்தானே கிழிச்சுக் கொடுத்தேன்?"

"ஆமாக்கா. குழாய்க்குள்ளேயே விட்டுட்டேன். அதான் வண்டி மேடேறலை. இப்ப ஓட்டிப் பார்த்தேன், ஜோரா ஏறுது."

பேப்பர் கீழே இறங்கியது.

"அப்போ நான் ஓட்டினதுல தப்பு இல்லையா?"

"இல்லக்கா."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "சொன்னேனேடா. ரெண்டு தடவை சொன்னேனே. எவன் வண்டிச் சத்தமோ உன் காதுல விழுது, நான் சொன்னது விழலையா? காலையிலதான் போன் பண்ணி வேலை வேண்டாம்னுட்டேன். எனக்கு வண்டி ஓட்ட வராதுன்னு என் வாயாலேயே சொன்னேன்டா."

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "அக்கா, மன்னிச்சிடு" என்றான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து கையை நீட்டினாள்.

"சாவி."

"இந்நேரத்துக்கு எங்கே கிளம்பிட்டே?" என்றார் அத்தான்.

"மேலே. நேர்லயே போய்க் கேக்கறேன். நீ ஏறுடா."

மேட்டின் அடியில் அவள் மூன்றாவது கியரைப் போட்டாள். கார் திணறாமல் ஏறியது. கண்ணாடியில் புகையே தெரியவில்லை. 'வளைவு வருது, பார்த்து' என்று சொல்ல வாயெடுத்த காது, வாயை மூடிக்கொண்டான். கார் வளைவில் அழகாகத் திரும்பியது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். வேலையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்களோ என்று அவன் ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்தான்.

"நானும் கூட வரட்டுமா? தப்பு என்னோடதுன்னு சொல்றேன்."

"சொல்லத்தான் போறே. ஆனா நான் கூப்பிட்டா வா" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் இங்கேயே நில்லு. காரை யார் ஓட்டிட்டு வந்தாங்கன்னு யாராவது கேட்டா, எங்க அக்கான்னு சொல்லு."