இரண்டு டம்ளர் அரிசி

எடை மெஷின் மேல் நான் ஏறி நின்றதும் பாதுகாப்பு அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை, மெஷினைத்தான் பார்த்தார். என் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும்.

"நூத்தி ஒன்பது, அண்ணா."

"ஷூவோட நிக்கிறேன், மேடம்."

"ஷூ ஒன்பது கிலோவா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பெல்ட் நூறு கிலோ வரைதான் தாங்கும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

"அடுத்த செக்கப்புக்குள்ள நூறுக்குக் கீழ வந்துடணும். அதுவரைக்கும் வேற சைட்லேர்ந்து பெரிய பெல்ட் ஒண்ணு வாங்கித் தர்றேன். அப்பவும் குறையலேன்னா உங்களை மேல அனுப்ப முடியாது. ஸ்டோர்லதான் போடுவாங்க."

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவன். டன் கணக்கில் கம்பியைத் தூக்கத் தெரிந்தவனுக்குத் தன் தொப்பையை இறக்கத் தெரியவில்லையே என்ற ஜோக்கை நீங்கள் சொல்ல வேண்டாம். சைட்டில் எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

ஸ்டோர் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஃபேன் உண்டு, நாற்காலி உண்டு, சம்பளமும் அதேதான். ஆனால் அங்கே வாக்கி டாக்கி கிடையாது. கிரேன் கூண்டில் உட்கார்ந்திருந்தால் கீழேயிருந்து ஒரு குரல் நாள் முழுக்க என்னைக் கூப்பிடும். "மேல, கேக்குதா?" நான் சொல்வேன், "கேக்குது, கீழ." கொக்கியில் சுமையை மாட்டிவிட்டு, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று சொல்கிறவர் அவர். வாக்கி டாக்கியில் பெயரெல்லாம் கிடையாது. நான் மேல, அவர் கீழ. என் மனைவி போன பிறகு, நான் இருக்கிறேனா என்று ஒருவர் கேட்கிற இடம் அந்தக் கூண்டு ஒன்றுதான். அதை விட்டுவிட்டு ஸ்டோரில் ஆணி எடுத்துக் கொடுக்க எனக்கு மனசில்லை.

குறைக்க முயற்சி செய்யாமலும் இல்லை. சர்க்கரையை விட்டேன். பொரித்ததை விட்டேன். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்து நெஞ்செரிச்சலை விலைக்கு வாங்கினேன். நடக்கப் போனேன். பூங்காவில் எல்லோரும் ஜோடி ஜோடியாகச் சண்டை போட்டுக்கொண்டே நடந்தார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அதையும் விட்டேன். வெளியூரில் இருக்கும் மகள் வயிற்றைக் குலுக்கும் மெஷின் ஒன்று அனுப்பினாள். என் வயிற்றைத் தவிர வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அது குலுக்கியது.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. என்னதான் சாப்பிடுறீங்க?"

"பகல்ல பழம், பிஸ்கட். ராத்திரி ஒரு வேளைதாம்மா சோறு. அதுவும் அம்மா சொல்லிக்குடுத்த மாதிரியேதான்."

"அம்மா ஆக்கிப் போட்டப்ப நீங்க இப்படி இல்லியேப்பா."

"வயசாகுதுல்ல?"

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாமல் இருந்தவன் நான். என் மனைவி படுக்கையில் விழுந்த பிறகுதான் அங்கிருந்தபடியே எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தாள். அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சுவர். ஆள் தெரியாது, குரல்தான் வரும். "ரெண்டு டம்ளர் அரிசி போடுங்க. தண்ணியில விரல விட்டுப் பாருங்க. அவசரப்படாதீங்க. ம், இப்ப இறக்குங்க." எனக்கு அது பழகிய வேலை. கிரேனிலும் பாதி நேரம் சுமை எங்கே போய் இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கீழே இருக்கிறவர் குரலை நம்பித்தான் இறக்குவேன். அவர் மாற்றிச் சொல்லாதவரை, சொன்னதையே செய்ய வேண்டும். நடுவில் சொந்த மூளையை நுழைக்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது முதல் பாடம்.

ஒருநாள் மதியத்துக்கு மேல் காற்று பலமாக அடித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் கிரேனின் கையைப் பூட்டி வைக்கக் கூடாது. காற்று தள்ளும் பக்கமெல்லாம் சுற்றட்டும் என்று அவிழ்த்து விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். இறங்கினேன். மழையும் பிடித்துக்கொண்டது. பஸ் எதுவும் ஓடவில்லை. கீழேக்காரர் தெருவில் நனைந்துகொண்டு நின்றார். என் வீடு பக்கம்தான் என்று இழுத்துக்கொண்டு போனேன். இத்தனை வருடம் காதுக்குள் பேசியவர், அன்றுதான் என் வீட்டு வாசலை மிதித்தார்.

தலை துவட்டத் துண்டு கொடுத்தேன். மழை விடுகிற வழியாக இல்லை.

"சாப்பிட்டுட்டுப் போ, தம்பி. காலையில ஆக்கினது. இருக்கிறத ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்கலாம்."

"வேணாம்ணே, உங்களுக்குப் பத்தாமப் போயிடும்."

தட்டு அலமாரியின் அடியிலிருந்து இன்னொரு தட்டை எடுத்துத் தூசியைக் கழுவினேன். சோறு, பருப்பு, அவித்த முட்டை. சங்கோஜமாக ஆரம்பித்தவர் பிறகு நன்றாகவே சாப்பிட்டார். பானையும் துடைத்த மாதிரி காலியானது.

கை கழுவிவிட்டு அவர் சிரித்தார். "நான் வருவேன்னு முன்னாடியே தெரியுமாண்ணே?"

"ஏம்ப்பா?"

"அளந்து வச்ச மாதிரி சரியா ரெண்டு பேருக்கு ஆக்கி வச்சிருக்கீங்களே."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மழை விட்டதும் கிளம்பிவிட்டார். அவருக்கு வீட்டில் காத்திருக்க ஆள் இருந்தது.

மறுநாள் காலை அரிசி டப்பாவைத் திறந்து முதல் டம்ளரைப் போட்டேன். இரண்டாவதை அள்ளிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் சொன்னது எங்கள் இரண்டு பேருக்கான அளவு. நிறுத்து என்று அவள் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லாமல் போய்விட்டாள். நானும் கேட்டதை மறக்காமல், தினமும் அவள் பங்கையும் ஆக்கி, வீணாக்க மனமில்லாமல் நானே தின்றிருக்கிறேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அன்று சைட்டுக்குப் போக நேரமாகிவிட்டது.

தெரிந்துவிட்டால் மட்டும் சுலபமா? ஒரு டம்ளர் அரிசி அந்தப் பெரிய பானையின் அடியில் ஒட்டிக்கொண்டு தீய்ந்தது. பாத்திரக் கடைக்குப் போனேன்.

"எத்தனை பேருக்கு ஆக்கணும், அண்ணா?"

"ஒருத்தருக்கு."

"பேச்சிலரா?" என்று கடைக்காரர் கிண்டலாகக் கேட்டார்.

"ஆமா, புதுசா."

பொம்மைச் சாமான் மாதிரி ஒரு பானையைக் கொடுத்தார். முதல் வாரங்களில் பசி பிடுங்கியது. பசியையாவது தண்ணீர் குடித்து ஏமாற்றலாம். சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் மிச்சமிருந்த ராத்திரியை எதைக் கொடுத்து ஏமாற்றுவது என்றுதான் தெரியவில்லை. அதனால் நடக்கப் போனேன். பூங்கா பக்கம் போகவில்லை, கடைத்தெரு வழியாகப் போனேன். சில காலைகளில் கை தானாக இரண்டாவது டம்ளரை அள்ளிவிடும். திட்டிக்கொண்டே திரும்பக் கொட்டுவேன். பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. மகளுக்குச் சந்தோஷம். பெரிய பானையைக் கழுவி, துடைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அடுத்த செக்கப்பில் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினேன். மேடம் மெஷினைப் பார்த்தார், பிறகு என் முகத்தையும் பார்த்தார்.

"தொண்ணூத்தெட்டு! சூப்பர்ணா. எப்படிக் குறைச்சீங்க? இவங்களுக்கும் சொல்லுங்களேன்."

வரிசையில் நின்ற தொப்பைகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டன.

"வீட்டுக்காரி தவறிட்டா, மேடம்."

"ஐயோ, சாரிண்ணா. எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. பெரிய பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பழைய பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். மூச்சு முன்னைப்போல வாங்கவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கட்டடங்களும் தெருக்களும் கீழே சின்னதாகக் கிடந்தன.

"மேல, கேக்குதா?"

நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று பேசாமல் இருந்தேன்.