தங்கைக்கு வைத்த பெயர்

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று சொன்னால் காறித் துப்புவீர்கள். கட்டடம் கட்டும் இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், நாலு பேரைச் சிரிக்க வைக்க ஒருத்தன் தன் தங்கையின் முகத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தான். அவ்வளவுதான். முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

பதினேழு வயதில் அவள் முகத்தில் பூத்த

பூத்ததாவது மண்ணாவது. சீழ் கட்டியது. எழுதப் பழகினால் புத்தி இப்படித்தான் போகிறது.

2

அண்ணன் கொத்தனார். தங்கை கலவை சுமப்பவள். பரு கிளம்பியபோது வைத்தியமும் அண்ணன்தான் சொன்னான்.

"கையில ஒட்டின சிமெண்டை எதால தேய்க்கிற? அதே நாரு, அதே துணி சோப்பு. மூஞ்சியையும் அழுத்தித் தேயி."

தேய்த்தாள், ஒரு வருஷம். ஒன்று உடைந்தால் பக்கத்தில் இரண்டு எழும்பின.

(அவன் வைத்த பெயர் வரும் இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். காரணம் கடைசியில்.)

"ஏய் ______, கலவை எங்கடி?" மேஸ்திரி வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. அவள் கண்ணுக்குக் கீழே துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கேட்டால், வெயிலாம்.

3

தாடைக் கட்டி வீங்கி வாய் திறக்க முடியாமல் போன அன்று, பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அண்ணன் கூட்டிப்போனான்.

"துண்டை எடும்மா" என்றார் டாக்டரம்மா. எழுந்து வந்து தாடையைத் தொட்டுப் பார்த்தார். முதுகையும் பார்க்க வேண்டும் என்று திரையை இழுத்தார். அண்ணன் வெளியே நின்றான்.

"சுமக்கறப்ப வலிக்குமே?"

"பழகிடுச்சு டாக்டர்."

"நாரு போட்டுத் தேய்ச்சியா? தேய்ச்சாப் போறதுக்கு இது அழுக்கா? ஆழமா இருக்கு, தழும்பும் விழுது. களிம்பு மட்டும் பத்தாது. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கலாம். பெரிய ஆஸ்பத்திரி தோல் டாக்டருக்கு அவசரம்னு சீட்டு எழுதறேன், போயே ஆகணும்." கொஞ்சம் நிறுத்தினார். "தூக்கம் வருதா? செத்துடலாம்னு எப்பவாவது தோணிச்சா?"



"ரெண்டு தடவை."

[இங்கே "அண்ணன் கதறி அழுதான்" என்று எழுதியிருந்தேன். பொய். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றேன். இத்தனை நேரம் அண்ணன் என்று சொல்லி ஒளிந்திருந்தது நான்தான்.]

"அப்படித் தோணினா உடனே வரணும், சரியா? இத்தனை நாள் ஏன் வரல?"

"லீவு கிடைக்கல டாக்டர்."

எனக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

4

ஒரு முடிவு: சில மாதத்தில் கட்டிகள் அடங்கின. நிஜம். தழும்பு நின்றுவிட்டது. அதுவும் நிஜம்.

இன்னொரு முடிவு: நான் மன்னிப்புக் கேட்டேன். எழுத அழகாகத்தான் வந்தது. ஆனால் நான் கேட்கவில்லை.

நேற்று அவள்தான் கேட்டாள். "ஏண்ணா, அந்தப் பேரு கதையில இருக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்குச் சிரிப்பாங்களாம்?"



மறுபடி அவளை வைத்து யாரும் சிரிக்கக் கூடாது, அதனால்தான் கோடு. அதைப் படித்தபோது உங்கள் மனதில் ஒரு பெயர் வந்திருக்கும். அதை நான் வைக்கவில்லை. அது இன்னும் உங்கள் வாய்க்குள்தான் இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறீர்களோ, அதுதான் முடிவு.

என்னுடையதை நான் துப்பிவிட்டேன். திரும்ப எடுக்க முடியவில்லை.